கடன் சீட்டிலிருந்து தொடங்குங்கள்: செட்டிநாட்டுக் கிராமக் குடும்பத்தின் பழைய சொத்தையும் கடனையும் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் தாத்தா நிலம் அப்பாவுக்கு வந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், 1900-க்கு முந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தேறாது. தகப்பன் இறந்தார், மகன் உழுதார், ஊர் ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான். எழுத்து தேவைப்பட்டது இரண்டு சமயங்களில்: கடன் வாங்கும்போது, பங்காளிக்குள் ஒத்துப்போகாதபோது. அதனால்தான் இந்தத் தேடலில் இறங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது, சொத்துப் பத்திரத்தைத் தேடி அலையாதீர்கள், கடன் சீட்டுகளை முதலில் படியுங்கள் என்பதுதான். பரம்பரைச் சொத்து என்னென்ன இருந்தது, அது எந்த வழியில் வந்தது, யார் கையில் தேய்ந்தது என்பதெல்லாம் கடன் சீட்டில்தான் எழுதிக் கிடக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் சுற்றுவட்டாரக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கடன் கொடுத்த வீடாக இருந்தாலும் வாங்கிய வீடாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

1. காகிதத்தைக் கெடுக்காமல் வெளியே எடுங்கள்

பத்திரங்கள் இருக்கும் இடம் பெரும்பாலும் பெட்டகம், டிரங்குப் பெட்டி, பரண், சாமி அறை அலமாரி. ஒரு கட்டாகக் கட்டிக் கிடந்தால், பிரிப்பதற்கு முன் எது மேலே எது கீழே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்திச் சீட்டையும் (கடனுக்காக நிலத்தின் அனுபவத்தை விட்டுக்கொடுக்கும் சீட்டு) அதன் மீட்புச் சீட்டையும் சேர்த்துக் கட்டி வைத்தவருக்கு அதற்கொரு காரணம் இருந்தது. வரிசை கலைந்தால் அந்தக் காரணமும் போய்விடும்.

மடிப்பை இஸ்திரிப் பெட்டி வைத்து நீவாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். நிழலில் விரித்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பின்பக்கம் மிக முக்கியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஓலைச்சுவடி இருந்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. எழுத்து தெரியவில்லை என்றால் சுவடி பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

2. ஆட்களைப் பிரித்து அடையாளம் வையுங்கள்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே கட்டில் முத்தையா மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்தையா, அந்த முத்தையா மகன் கருப்பையா என்று மூன்று தலைமுறை இரண்டே பெயரில் ஓடும். கூடவே பெரியப்பா வீட்டிலும் ஒரு முத்தையா இருப்பார். முதல் வேலையாக ஒரு பெரிய தாளில் கொடிவழி போட்டு, ஒவ்வொரு முத்தையாவுக்கும் ஓர் எண் கொடுங்கள். அதன்பிறகு எந்தச் சீட்டை எடுத்தாலும் "முத்தையா 2" என்று குறித்துக்கொள்ளலாம்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று விலாசம். பாட்டன், தகப்பன், மகன் என்று பெயர் முதலெழுத்துகளைக் கோத்த அடையாளம்தான் கணக்கிலும் உண்டியலிலும் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் வணிகச் சீட்டு) இருக்கும். அது ஓர் ஆளையும் குறிக்கலாம், கடையையும் குறிக்கலாம். இன்னொன்று பிள்ளை கூட்டுதல். சுவீகாரம் போனவர் பிறந்த வீட்டுக் கொடியிலிருந்து கழன்று, வேறு இனிஷியலோடு வேறு வீட்டுச் சொத்துக்கும் கடனுக்கும் வாரிசாகிவிடுவார். திடீரென்று ஒருவர் காணாமல் போனால் செத்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த தெருவில் யார் வீட்டுக்காவது பிள்ளையாகப் போயிருக்கலாம்.

திருமணத்தின்போது எழுதுகிற இசைகுடிமானமும் மொய்ப்பண ஏடும் கையில் இருந்தால் பாக்கியம். பெயரும் உறவும் தேதியும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அவை.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆனால் "நமக்கு எவ்வளவு சொத்து இருந்தது?" என்று கேட்டால் கதைதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அப்பத்தா, ஆலடிச் செய்ய யாருக்கு ஒத்தி வச்சிருந்தோம்?"

"ஒத்தி வச்சது ஆலடி இல்லய்யா, ஊரணிக்கரைச் செய்யி. ஒங்க பெரிய அயித்த கல்யாணத்துக்கு வச்சது. அத மீக்கத்தான் ஒங்கய்யா கப்பலேறுனாக."

ஒரே பதிலில் நிலத்தின் பெயர், கடனின் காரணம், மீட்க வந்த பணத்தின் வழி மூன்றும் வந்துவிட்டன. நிலத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஞாபகம் தானாக வரும்.

3. அப்போது உங்கள் ஊர் யார் கையில் இருந்தது?

செட்டிநாடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததில்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் பெரும்பாலும் சிவகங்கை ஜமீன். திருமயம், ராயவரம், கடியாபட்டி பக்கம் புதுக்கோட்டைச் சமஸ்தானம். கிழக்கேயும் தெற்கேயும் ராமநாதபுரம் ஜமீன் தொடும். இடையிடையே கோயில் தேவதான ஊர்களும் இனாம் (மானியமாக விட்ட) ஊர்களும் உண்டு. சிவகங்கையும் ராமநாதபுரமும் 1803-ல் நிரந்தர ஜமீன்களாகிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பேஷ்குஷ் (கப்பம்) கட்டின. புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி அரசு. அதற்குத் தனி முத்திரைத்தாள், தனிப் பதிவு, தனிச் சட்டம்.

இது ஏன் முக்கியம் என்றால், "எங்கள் நிலம்" என்று நாம் சொல்வதன் பொருளே இதைப் பொறுத்து மாறுகிறது. ஜமீன் ஊரில் விளைச்சலில் மேல்வாரம் என்ற பங்கு ஜமீனுக்கு, குடிவாரம் என்ற பங்கு உழுகிறவருக்கு. உங்கள் முப்பாட்டன் ஒத்தி வைத்தது பெரும்பாலும் குடிவாரத்தைத்தான். ஜமீன் கொடுக்கிற பட்டாவுக்குப் பதிலாகக் குடியானவர் முச்சிலிக்கை என்ற ஒப்புதல் சீட்டு எழுதிக் கொடுப்பார். 1908-ம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டம் வந்தபிறகு குடிவாரக்காரரின் உரிமை பலப்பட்டது. 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி செட்டில்மெண்ட் முடிந்த பிறகுதான் ரயத்துவாரிப் பட்டா (அரசுக்கு நேராகத் தீர்வை கட்டும் பட்டா) கைக்கு வந்தது. ஆகவே, 1950-களில் பட்டா வந்தது என்றால் அந்த வருஷம்தான் நிலம் கிடைத்தது என்று எண்ணிவிடக் கூடாது.

புதுக்கோட்டைப் பக்கத்தில் விளைச்சலை அரசும் குடியும் பங்கு போட்டுக்கொள்ளும் அமானி முறை இருந்தது. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி காலத்தில் அது ஒழிந்து பணத் தீர்வை வந்தது. அதன் பிறகு மழை பொய்த்த வருஷத்திலும் தீர்வையைப் பணமாகவே கட்டியாக வேண்டும். கிஸ்தி (தீர்வைத் தவணை) பாக்கிக்காகக் கடன் வாங்கிய சீட்டுகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அலுவலகம் தேடுவதற்கும் இது வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம் பகுதிகள் 1910 வரை மதுரை ஜில்லா, பிறகு ராமநாதபுரம் ஜில்லா, 1985-ல்தான் சிவகங்கை தனி மாவட்டம். புதுக்கோட்டை மாவட்டம் ஆனது 1974-ல்.

4. தேதியும் தொகையும் படிக்கும் முறை

பழைய சீட்டில் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் 60 வருஷக் குழப்பம் வரும். கணக்கு எளிது: 1867-68 பிரபவ வருஷம். ஆங்கில வருஷத்திலிருந்து 1867-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் எத்தனையாவது வருஷம் என்று தெரியும் (60-ஐத் தாண்டினால் 60-ஐக் கழியுங்கள், பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் 60-ஐக் கூட்டுங்கள்). 1903 என்றால் 37, அதாவது சோபகிருது. ஆனால் 1843-ம் சோபகிருதுதான், 1963-ம் சோபகிருதுதான். எதுவென்று முத்திரைத்தாள் சொல்லிவிடும். விக்டோரியா ராணி தலை என்றால் 1901-க்குள், எட்வர்டு என்றால் 1901-1910, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-1936. பழைய தாள் மிச்சமிருந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பயன்பட்டிருக்கலாம், அந்த அளவு தளர்த்திக்கொள்ளுங்கள். தை, மாசி, பங்குனி மாதச் சீட்டு என்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடும் என்பதும் மறக்கக் கூடாது.

பசலி (வருவாய்க் கணக்கு வருஷம்) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1310 என்பது 1900 ஜூலையில் தொடங்குகிறது. சாலிவாகன சகாப்தம் என்றால் 78 கூட்ட வேண்டும்.

தமிழ் எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பங்கு பிரித்த சீட்டில் பின்னம்தான் தலைவலி: மாகாணி 1/16, மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, முந்திரி 1/320. "அரைக்கால் பங்கு" என்றால் எட்டில் ஒன்று. நாலு பேர் பிரித்த பங்கில் ஒருவருடைய இரண்டு மகன்கள் மறுபடி பிரித்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி, ௹ ரூபாய்.

பணத்தில், 1818-க்கு முன் வராகனும் பணமும் காசும். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கம்பெனி மாற்றியது. அதன்பிறகு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, 1957 வரை. புதுக்கோட்டைப் பக்கச் சீட்டில் அம்மன் காசும் (சமஸ்தானத்தின் சொந்த நாணயம்) வரும். நெல்லாக எழுதியிருந்தால் 12 மரக்கால் ஒரு கலம். மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஆகவே லிட்டருக்கும் கிலோவுக்கும் மாற்ற முயலாமல் கலம் கலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தையும் சில சீட்டில் விதைப்பாட்டு அளவால், "இத்தனை மரக்கால் விரையடி" என்று சொல்லியிருப்பார்கள். அதை ஏக்கராக்கும் வேலையைச் சர்வே எண் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. சீட்டுகளை வகை பிரியுங்கள்

கிரயம், ஒத்தி, ஈட்டுக்கடன், புரோநோட்டு, பாகப்பிரிவினை, விடுதலை, குத்தகைச் சீட்டு என்று கட்டுகள் போடுங்கள். இவற்றில் ஒத்தியைத்தான் அதிகம் தப்பாகப் படிக்கிறார்கள். ஒத்தியில் நிலத்தின் அனுபவம் கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். விளைச்சல் வட்டிக்குச் சரி. அசல் அப்படியே நிற்கும். கெடு முடிந்து அசலைக் கொடுத்தால் நிலம் திரும்பும். போக்கியம் என்று எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இதேதான். ஈட்டுக்கடனில் நிலம் நம்மிடமே இருக்கும், வட்டி ஓடும்.

ஒத்தி எழுதிய அதே தேதியில் இன்னொரு சின்னச் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒத்தி வைத்தவரே அதே நிலத்தை வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கோ எடுத்து உழுவதாக எழுதிய சீட்டு அது. "அந்த நிலத்தை நாங்கதானே உழுதோம், ஒத்தி வச்சதா சொல்றது பொய்" என்று வீட்டில் ஒருவர் சாதித்தால், இரண்டும் உண்மை என்று அந்தச் சின்னச் சீட்டு காட்டும். தன் நிலத்திலேயே வாரக்காரராக உழுதார், அவ்வளவுதான்.

பதிவுச் சட்டம் 1865 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நில ஆவணங்களுக்குப் பதிவு கட்டாயம். அதற்குக் கீழே என்றால் பதியாமல் விட்டிருப்பார்கள். 99 ரூபாய் என்று ஒரு தொகையைப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட சீட்டுக்கு வீட்டில் இருப்பதைத் தவிர வேறு நகல் எங்கும் கிடையாது.

6. பிரதிபலன் வரிகளை எழுத்தெண்ணிப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒத்திச் சீட்டில் எல்லைகளைச் சொல்வதற்கு முன்போ பின்போ, பணம் எந்த வகையில் பற்றப்பட்டது என்று சில வரிகள் வரும். அவைதான் பிரதிபலன் வரிகள். முறை விளங்குவதற்காக நானே ஒரு மாதிரி எழுதுகிறேன். சோபகிருது வருஷம் ஆடி மாதம், 400 ரூபாய் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம்:

"என் தகப்பனார் தங்களுக்கு எழுதிக்கொடுத்த நோட்டுக்கு அசல் வட்டி சகிதம் நாளதுவரை செல்ல வேண்டியது ரூ. 180. என் தங்கை கலியாணச் செலவுக்கு முன் பற்றியது ரூ. 120. கிஸ்தி பாக்கி வகைக்குத் தாங்களே கட்டியது ரூ. 40. முத்திரை, பதிவு, குடும்ப அவசியச் செலவுக்கு ரொக்கம் ரூ. 60. ஆக ரூ. 400-ம் பெற்றுக்கொண்டு..."

பத்திரத்தின் தலைப்பு நானூறு ரூபாய் என்கிறது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்த ரொக்கம் அறுபதுதான், அதிலும் முத்திரைச் செலவு போயிருக்கும். 180 தகப்பன் கடன். எனவே தகப்பன் அதற்குள் இறந்திருக்கிறார் அல்லது முடியாமல் இருக்கிறார். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கிஸ்தி கட்ட முடியாத வருஷம் ஒன்று சமீபத்தில் வந்திருக்கிறது. கடன் கொடுத்தவரே கிஸ்தி கட்டியிருப்பதால் நிலத்தின் மேல் அவருக்குக் கண் முன்பே விழுந்துவிட்டது. நாலு வரியில் இவ்வளவு செய்தி இருக்கிறது.

இப்போது பின்பக்கத்தைத் திருப்புங்கள். சார்பதிவாளர் தன் முன்னிலையில் எவ்வளவு பணம் கைமாறியது என்று எழுதியிருப்பார். அதுதான் உண்மையான ரொக்கம். ஆவண எண், வருஷம், புத்தகம், வால்யூம், பக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கும். பெருவிரல் ரேகை வைத்தாரா, கையெழுத்துப் போட்டாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சிக்காரர்கள் யார் என்று பாருங்கள். பங்காளி சாட்சி போட்டிருந்தால், பின்னாளில் "எனக்கும் இதில் பங்கு உண்டு" என்று அவர் கேட்க முடியாதபடி செய்த ஏற்பாடாக இருக்கலாம்.

"குடும்ப அவசியம்" என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மிதாட்சரம் எனப்படும் அந்நாள் இந்துச் சட்டப்படி பிறந்ததுமே மகனுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டு. தகப்பன் வாங்கிய கடன் குடும்பத் தேவைக்கானது என்று எழுதாவிட்டால், மைனர் பிள்ளைகள் வளர்ந்துவந்து வழக்குப் போட இடமிருக்கும். அதனால் சீட்டாடித் தோற்ற பணத்துக்கும் பத்திர எழுத்தர் "குடும்ப அவசிய" வரியைச் சேர்த்துவிடுவார்.

7. ஒரே கடனை மூன்று கடனாக எண்ணாதீர்கள்

புரோநோட்டின் ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் வரவு வைக்க வேண்டும், இல்லையென்றால் புதுநோட்டு எழுத வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 100 ரூபாய் வாங்கி ஒன்றும் கட்டாமல் விட்டால், மூன்று வருஷத்தில் 136. அதையே அசலாக்கிப் புதுநோட்டு எழுதினால் ஆறாம் வருஷம் ஏறக்குறைய 185. மறுபடி எழுதினால் ஒன்பதாம் வருஷம் 251-க்கு மேல். கையில் இருப்பதோ 100, 136, 185 என்று மூன்று நோட்டு. கூட்டிப் பார்த்து 421 ரூபாய் கடன் வாங்கினார் என்று எழுதினால் மோசம். அவர் கைக்கு வந்தது ஒரே ஒரு நூறு.

எப்படிக் கண்டுபிடிப்பது? தேதிகளுக்கு இடையே மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி, கடன் கொடுத்தவர் அதே ஆள், முழு எண்ணாக இல்லாத தொகை. 137-4-0 போன்ற தொகையை யாரும் ரொக்கமாகக் கடன் வாங்க மாட்டார்கள், அது வட்டி ஏறிய தொகை. நோட்டின் பின்னால் "வரவு ரூ. 5" என்று எழுதியிருந்தால், அது உண்மையில் கட்டியதாகவும் இருக்கலாம், காலாவதியைத் தள்ளிவைக்க வைத்த வரவாகவும் இருக்கலாம். வட்டி எழுதும் முறையில் 0-12-0 என்றால் நூற்றுக்கு மாதம் 12 அணா, அதாவது வருஷத்துக்கு 9 சதவீதம்.

இந்தச் சங்கிலி பல வீடுகளில் 1938-ல் அறுந்திருக்கும். ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டப்படி, 1932 அக்டோபருக்கு முந்தைய விவசாயக் கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1938-க்குப் பிறகு கோர்ட் நகல்கள் திடீரென்று அதிகமாகக் கிடைத்தால் காரணம் இதுதான். இது சென்னை மாகாணச் சட்டம். சமஸ்தானத்து ஊர்களுக்குப் பொருந்தாது.

8. யார் வாரிசு, கடன் யார் தலையில்?

ஒவ்வொருவர் இறந்தபோதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் பங்கு பிரிந்தவரா, பிரியாதவரா? பிரியாத குடும்பம் என்றால் அவர் பங்கு மிச்சமிருக்கிற ஆண் பங்காளிகளுக்குப் போகும், விதவைக்கு ஜீவனாம்சம்தான். பிரிந்தவராக இருந்து ஆண்பிள்ளை இல்லை என்றால் மனைவிக்கு ஆயுள் வரை அனுபவம். 1937-ம் வருஷத்துச் சட்டம்தான் பிரியாத குடும்பத்து விதவைக்கும் வாழ்நாள் உரிமை கொடுத்தது. விவசாய நிலத்துக்கு அது செல்லுபடியாக இன்னும் சில வருஷம் பிடித்தது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பெண்ணுக்கு முழு உரிமை. 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுக்கவும் மகள் கூட்டுக்குடும்பப் பங்காளியானாள்.

இந்தப் பிரிந்தவரா, சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா) என்ற கேள்வியில் நாட்டையே உலுக்கிய வழக்கு நம் சிவகங்கையில்தான் நடந்தது. 1829-ல் ஜமீன்தார் கௌரி வல்லபர் இறந்தபின் அண்ணன் வழியார் ஜமீனைப் பிடிக்க, மகள் காத்தம நாச்சியார் விடாமல் வழக்காடினார். குடும்பம் பிரியாதிருந்தாலும், ஜமீன் தகப்பனின் சுயசம்பாத்தியம், ஆகவே மகளுக்கே சேரும் என்று 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. இதற்குப் பிறகு எழுதிய பாகப்பத்திரங்களில் "பிதுரார்ஜிதம்" (முன்னோர் வழி வந்தது), "சுயார்ஜிதம்" என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

பாகப்பத்திரத்தில் கடன் பட்டியல் கடைசியில் இருக்கும். சரியாகப் பிரித்தார்களா என்று பார்க்க அங்கேதான் போக வேண்டும். மூத்தவருக்கு நிலம் கூடுதலாகப் போயிருந்தால் உடனே கோபப்படாதீர்கள். "மேற்படி கடன்களை மூத்தவரே தீர்க்க வேண்டியது" என்று கீழே இருக்கலாம். தகப்பன் கடனைக் குடும்பச் சொத்து அளவுக்கு மகன் தீர்க்க வேண்டும் என்பது அந்நாள் சட்டம். சூது, குடி போன்றவற்றுக்குப் பட்ட கடன் விலக்கு. தர்மக் கட்டளைக்கு விட்ட நிலம், குலதெய்வக் கோயில் பொறுப்பு, ஊரணிப் பாத்தியம் இவற்றைப் பிரிக்காமல் பொதுவில் வைத்திருப்பார்கள்.

வீடு தனிக் கதை. நகரத்தாரில் கல்யாணமானதும் மகனை வேறு வைப்பார்கள். தனி அடுப்பு, வளவில் (முற்றம் உள்ள உள்வீடு) தனி அறை, ஊர்க் கணக்கில் தனிப் புள்ளி (தனிக் குடும்பம்). அதைப் பாகப்பிரிவினை என்று எண்ணிவிடக் கூடாது. சமையல்தான் பிரிந்தது, சொத்து பிரியவில்லை. முகப்பும் பட்டாலையும் (கூடம்) வளவும் இன்றுவரை பொதுவில் நிற்கிற வீடுகள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் எத்தனையோ.

பெண்கள் பங்கைத் தேட நிலப் பத்திரம் உதவாது. சீர் சாமான் பட்டியல், கழுத்துரு (திருமண நகை) எடை, சீதனப் பணத்தின் வட்டிக் கணக்கு இவற்றைத் தேடுங்கள். சீதனப் பணத்தைக் கொண்டுவிக்கும் (லேவாதேவித் தொழில்) கடைகளில் வட்டிக்குப் போட்டதை ஆச்சிமார் பணம் என்று தனியாகவே எழுதிவந்தார்கள். விவசாய வீடுகளில் இதே இடத்தில் நகை இருக்கும். மருமகள் நகை அடகுக்குப் போன தேதியையும் நிலம் மீண்ட தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

9. கொடுத்த வீட்டுக் கணக்கு

லேவாதேவி வீடாக இருந்தால் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை (சொத்தும் கடனும் சேர்ந்த மொத்தக் கணக்கு) என்று கட்டுக்கட்டாக இருக்கும். தலையில் "சிவமயம்", முதல் பக்கங்களில் கோயில் மகமை (கோயிலுக்கு ஒதுக்கிய பணம்). முதல் பணம் சொந்த மூலதனம், மேம்பணம் உறவுக்காரர் போட்டது. ஐந்தொகையிலிருந்து தொடங்குங்கள், முழுப் படமும் அங்கே கிடைக்கும். பேரேட்டில் கடன் வாங்கிய வெளியூர்க்காரர் பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்ததும், 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பெருகிய அரிசி வியாபாரமும்தான் காரணம். 1930-ல் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாகப் பர்மிய நிலம் வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் ஆட்கள் பலர் நடந்தே திரும்பினார்கள். 1948-க்குப் பிறகு நிலம் தேசியமயமானது. இப்படி ஐந்தொகையில் லட்சங்களாக நின்ற சொத்து ஊரில் வீடாக மட்டும் மிஞ்சியது.

ஏஜெண்டாகப் போனவர் வீட்டில் சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக மூன்று வருஷ ஒப்பந்தம், சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம். அந்த முன்பணம் எந்த ஒத்தியை மீட்டது என்பதே அந்த வீட்டுக்கு முக்கியமான கேள்வி.

10. அரசு நகல்களும் கால வரிசையும்

வில்லங்கச் சான்று ஆன்லைனில் ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடல் மனு கொடுக்க வேண்டும். பத்திரத்தின் பின்பக்க எண்ணும் வால்யூமும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். எண் இல்லையென்றால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள், கடன் கொடுத்தவர் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். உயில் வேறு புத்தகத்தில் இருக்கும். தாலுகாவில் செட்டில்மெண்ட் பதிவேடு, அ பதிவேடு, பழைய சர்வே எண்ணுக்குப் புது எண் காட்டும் பட்டியல். ஜமீன், கலெக்டர் காலக் கடிதங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

கிடைத்ததையெல்லாம் ஒரே அட்டவணையில் தேதி வரிசையாகப் போடுங்கள்: தேதி, யார், எந்த நிலம், தொகை, அதில் ரொக்கம் எவ்வளவு, காரணம், எப்படித் தீர்ந்தது. பக்கத்தில் ஒரு பத்தி பிறப்பு, கல்யாணம், இறப்புக்கு. இன்னொன்று மழைக்கும் பஞ்சத்துக்கும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி ஒத்திகள் குவிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். "எப்படித் தீர்ந்தது" பத்தி காலியாக இருக்கும் சீட்டுகளைத் தனியே எடுத்து, மீட்புச் சீட்டு தேடுங்கள். மீட்ட கடனின் பத்திரத்தைக் கிழித்துப் போட்டோ திருப்பி வாங்கியோ விடுவது வழக்கம். அதனால் கடன் வாங்கிய உங்கள் வீட்டார் எழுதிக்கொடுத்த மூலப்பத்திரம் உங்கள் வீட்டிலேயே கிடந்தால், கடன் தீர்ந்து அது திரும்பி வந்தது என்று கொள்ளலாம்.

தீராத ஒத்தி ஒன்று அகப்பட்டதும் நிலத்தை மீட்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. பழைய காலவரையறைச் சட்டத்தில் ஒத்தி மீட்க 60 வருஷம் இருந்தது, 1963 சட்டத்தில் 30 ஆனது. நூறு வருஷத்துப் பத்திரத்தை வைத்து இன்று உழுகிறவரிடம் போய் நின்றால் சண்டைதான் மிஞ்சும். உண்மையிலேயே உரிமை இருப்பதாகப் பட்டால் வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள். அட்டவணையின் நகலை எல்லாப் பங்காளி வீட்டுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். ஒருவருக்கு முன்னாலும் இன்னொருவருக்குப் பின்னாலும் போனால், அப்புறம் யாரும் தங்கள் பெட்டகத்தைத் திறந்து காட்ட மாட்டார்கள்.